வாசகர் கேள்வி – பதில்: நிறுவனமும் பல்கலைக்கழகமும் சேர்ந்து வழங்கும் முனைவர் பட்டம்

நிறுவனங்களும் பல்கலைக்கழகங்களும் இணைந்து நடத்தும் முனைவர் பட்ட ஆய்வு பற்றி வந்த கடிதங்களில் ஆறுக்கு இந்த இதழில் விடை தருகிறோம். எழுதியவர்கள் கேட்டுக்கொண்டபடி பெயர்களைத் தவிர்த்திருக்கிறோம்.

ஓசூரில் அலுமினிய வார்ப்புகள் செய்யும் நிறுவனமொன்றில் பொறியாளராக இருக்கிறேன். வார்ப்புகளில் ப்ளோ ஹோல் (வாயுக் குமிழால் உண்டாகும் துளை) விழுந்து கழிபடுவதைக் குறைக்கும் வேலையையே முனைவர் பட்ட ஆய்வாக எடுத்துக்கொள்ளும்படி என் மேலாளர் சொல்கிறார். சம்பளம் தொடரும் என்கிறார். இது உண்மையான ஆய்வாக மதிக்கப்படுமா? வேலையில் இருந்தபடியே பதிவு செய்ய முடியுமா?
– ஓசூர் வாசகர்

ஓர் ஆய்வின் மதிப்பு அது நடக்கும் இடத்தைப் பொறுத்ததன்று. அது எழுப்பும் கேள்வியைப் பொறுத்தது. உங்கள் தொழிற்சாலையில் கழிபடும் வார்ப்புகள் பாதியாகக் குறைந்தால் நிறுவனத்துக்கு நல்ல ஆதாயம்தான். ஆனால் அதை மட்டும் வைத்து ஆய்வேடு எழுத முடியாது. உருகிய அலுமினியம் காற்றின் ஈரத்திலிருந்து ஹைட்ரஜனை உள்வாங்கிக்கொள்கிறது. உறையும்போது அந்த உலோகம் கரைத்து வைத்துக்கொள்ளக்கூடிய ஹைட்ரஜனின் அளவு ஏறத்தாழ இருபதில் ஒரு பங்காகக் குறைந்துவிடுவதால், மிஞ்சிய வாயு வெளியேற வழியின்றிக் குமிழாகத் தங்கிவிடுகிறது. இவ்வளவும் பாடநூலில் இருப்பதுதான். நீங்கள் மறுபடியும் உருக்கிச் சேர்க்கும் கழிவுத் துண்டுகளின் மேலுள்ள ஆக்சைடு படலம் உலோகத்துக்குள் மடிந்து போய், அந்தக் குமிழ்கள் தோன்றுவதற்கு இடம் கொடுக்கிறதா, எவ்வளவு கழிவைச் சேர்க்கும்வரை அது பொறுக்கத்தக்கது, அந்த எல்லை வெப்பநிலையோடு எப்படி மாறுகிறது என்று கேட்டு, வேறொரு தொழிற்சாலையும் எடுத்தாளக்கூடிய விடையை நிறுவினால் அது முனைவர் பட்டத்துக்குரிய ஆய்வு. பல்கலைக்கழக ஆய்வகத்தில் ஒரு மாணவர் சில டஜன் வார்ப்புகளைத்தான் ஊற்றிப் பார்க்க முடியும். உங்களுக்கோ ஒவ்வொரு ஷிப்டிலும் நூற்றுக்கணக்கான வார்ப்புகளும் அவற்றின் பதிவேடுகளும் கையில் இருக்கின்றன. அந்த வசதியைக் குறைத்து மதிக்காதீர்கள்.

பதிவைப் பொறுத்தவரை, 2022 நவம்பரில் பல்கலைக்கழக மானியக் குழு (யுஜிசி) வெளியிட்ட விதிமுறைகள் பகுதி நேர முனைவர் பட்டத்தை அனுமதிக்கின்றன. அதற்கு நிறுவனம் தடையின்மைச் சான்று தர வேண்டும்: பகுதி நேரமாகப் படிக்க அனுமதி உண்டு, ஆய்வுக்குப் போதிய நேரத்தை உங்கள் அலுவல் விட்டுவைக்கும், தேவைப்பட்டால் பாடப் பயிற்சியை முடிக்க விடுவிக்கப்படுவீர்கள் என்ற மூன்றும் அதில் இருக்க வேண்டும். பாடப் பயிற்சி குறைந்தது 12 கிரெடிட். ஆய்வுக் காலம் குறைந்தது மூன்று ஆண்டுகள், கூடியது ஆறு ஆண்டுகள். மறுபதிவின் மூலம் மேலும் இரண்டு ஆண்டுகள் வரை பெறலாம். ஒவ்வொரு பருவத்திலும் ஆய்வு ஆலோசனைக் குழுவின் முன் நேரில் சென்று முன்னேற்றத்தை விளக்க வேண்டும். ஐஐடிகளுக்கு அவற்றின் சொந்த விதிகள் உண்டு. ஆய்வுப் பிரிவு உள்ள நிறுவனங்களில் பணியாற்றுவோர் பணியிடத்திலிருந்தே ஆய்வு செய்வதற்காக ஐஐடி மெட்ராஸில் வெளிப்பதிவு முறை இருக்கிறது.

தடையின்மைச் சான்றில் ‘போதிய நேரம்’ என்ற சொற்களோடு நின்றுவிட வேண்டாம். வாரத்தில் எத்தனை நாள் என்பதைத் தனிக் கடிதமாகக் கேட்டு வாங்குங்கள். மேலாளர் நல்லவராக இருக்கலாம். அவர் மாற்றலாகிப் போனால் அடுத்தவருக்கு அந்த வாய்ச்சொல் தெரியாது. வாரத்தில் இரண்டு முழு நாட்களுக்குக் குறைவாகக் கிடைக்குமானால் இதில் இறங்க வேண்டாம் என்பதே என் கருத்து.

பிரதமர் ஆய்வு உதவித்தொகைக்குத் தொழில் நிறுவனத்தின் பங்களிப்பு கட்டாயம் என்று ஒருவரும், தேவையில்லை என்று இன்னொருவரும் சொல்கிறார்கள். எது சரி? நிறுவனம் தரும் பணத்தைச் சிஎஸ்ஆர் (நிறுவனங்களின் சமூகப் பொறுப்புச் செலவு) கணக்கில் காட்டலாமா?
– கல்லூரிப் பேராசிரியர், திருநெல்வேலி

ஏறத்தாழ ஒரே பெயரில் இரண்டு திட்டங்கள் இருப்பதால் வந்த குழப்பம் இது. பிஎம்ஆர்எஃப் என்று எல்லோரும் சொல்வது 2018இல் வந்தது. மாதம் 70,000 ரூபாயில் தொடங்கி 80,000 ரூபாய் வரை முழுவதையும் அரசே கொடுத்தது. நிறுவனத்துக்கு அதில் இடமில்லை. மற்றொன்று, அதற்கு முன்பே 2012இல் அறிவியல் பொறியியல் ஆராய்ச்சி வாரியமும் இந்தியத் தொழில் கூட்டமைப்பும் சேர்ந்து தொடங்கிய ‘முனைவர் பட்ட ஆய்வுக்கான பிரதமர் உதவித்தொகை’. அதில் உதவித்தொகையின் ஒரு பாதியை அரசும் மறு பாதியைக் கூட்டாளி நிறுவனமும் ஏற்கும். ஆண்டுக்கு 100 பேர் வரை என்று வகுக்கப்பட்டது. அந்த வாரியம் இப்போது அனுசந்தான் தேசிய ஆராய்ச்சி அறக்கட்டளைக்குள் இணைக்கப்பட்டுவிட்டது. எனவே பழைய சுற்றறிக்கையை நம்பி மாணவரை அனுப்பாமல், அந்தந்த ஆண்டின் அறிவிப்பைப் பார்த்த பிறகே விண்ணப்பிக்கச் சொல்லுங்கள்.

அரசு நிதியில் இயங்கும் பல்கலைக்கழகங்களின் அறிவியல், தொழில்நுட்ப ஆய்வுகளுக்குத் தரும் நன்கொடை சிஎஸ்ஆர் பட்டியலில் உண்டு. ஆனால் நிறுவனம் தன் வழக்கமான தொழிலுக்காகச் செய்யும் செலவு சிஎஸ்ஆர் ஆகாது. ஆய்வின் பலனும் காப்புரிமையும் தனக்கு வேண்டும் என்று கேட்கிற நிறுவனம் அந்தச் செலவை ஆய்வுச் செலவாகவே காட்ட வேண்டும். இரண்டையும் ஒன்றாகக் கலந்து எழுதிய ஒப்பந்தத்தில் உங்கள் கல்லூரி கையெழுத்திட வேண்டாம்.

ஒரு மருந்து நிறுவனத்தின் நிதியில் முனைவர் பட்ட ஆய்வு செய்கிறேன். இது மூன்றாம் ஆண்டு. ஆய்விதழுக்கு அனுப்ப எழுதிய கட்டுரையை, காப்புரிமை பாதிக்கப்படும் என்று சொல்லி நிறுவனம் ஏழு மாதமாக நிறுத்தி வைத்திருக்கிறது. நெறியாளர் பொறுத்திருக்கச் சொல்கிறார். அவர்களுடைய அச்சம் நியாயமானதா? நான் என்ன செய்யலாம்?
– ஆய்வு மாணவி, சென்னை

அச்சத்துக்கு அடிப்படை உண்டு. ஏழு மாதத்துக்கு இல்லை.

விண்ணப்பிக்கும் நாளில் கண்டுபிடிப்பு புதியதாக இருந்தால்தான் காப்புரிமை கிடைக்கும். அதற்கு முன்பே அது ஏதாவது ஒரு வடிவில் வெளியாகியிருந்தால் புதுமை போய்விடும். ‘வெளியாவது’ என்பதைச் சட்டம் எவ்வளவு கண்டிப்பாகப் பார்க்கிறது என்பதற்கு ஒரு வழக்கைச் சொல்ல வேண்டும். ஜெர்மனியின் ஃப்ரைபுர்க் பல்கலைக்கழக நூலகத்தில் ஒரு முனைவர் பட்ட ஆய்வேட்டின் ஒரே ஒரு பிரதி அட்டவணைப்படுத்தி வைக்கப்பட்டிருந்தது. யாரும் அதை எடுத்துப் படித்ததாகச் சான்று தேவையில்லை, தேடுகிறவர் கைக்கு எட்டும்படி நூலகத்தில் இருந்ததே போதும் என்று சொல்லி, அமெரிக்க மேல்முறையீட்டு நீதிமன்றம் 1986இல் ஒருவருடைய காப்புரிமை விண்ணப்பத்தை அந்நாட்டுக் காப்புரிமை அலுவலகம் நிராகரித்ததை உறுதி செய்தது. ஓர் ஆய்வேட்டுக்கே இந்த நிலை என்றால் இணையத்தில் வெளியாகும் ஆய்விதழ்க் கட்டுரையைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. அமெரிக்காவில் கண்டுபிடித்தவர் தாமே வெளியிட்டதற்கு ஓராண்டுச் சலுகை உண்டு. ஐரோப்பாவில் அப்படி ஒரு பொதுச் சலுகை கிடையாது. இந்தியச் சட்டத்தின் 31ஆம் பிரிவு, அறிஞர் சங்கத்தின் முன் படிக்கப்பட்ட கட்டுரைக்கும் அந்தச் சங்கத்தின் வெளியீட்டில் வந்த கட்டுரைக்கும் 12 மாத அவகாசம் தருகிறது என்றாலும், எல்லா ஆய்விதழ்களும் அதற்குள் அடங்கும் என்று நம்பிக் கட்டுரையை அனுப்புவது ஆபத்து.

ஆனால் இந்தச் சிக்கலுக்குத் தீர்வையும் சட்டமே வைத்திருக்கிறது. தற்காலிக விவரக்குறிப்போடு ஒரு விண்ணப்பத்தைப் பதிவு செய்துவிட்டால் புதுமையைக் கணக்கிடும் நாளாக அந்த நாளே அமைந்துவிடும். முழு விவரக்குறிப்பைக் கொடுக்க அதன்பின் 12 மாதம் இருக்கிறது. விண்ணப்பத்தில் சொல்லியிருக்கும் செய்தியை மறுநாளே கட்டுரையாக அனுப்பலாம். தேர்ந்த காப்புரிமை முகவருக்கு இது சில வாரங்களில் முடியும் வேலை. ஆகவே, நீங்கள் நிறுவனத்திடம் கேட்க வேண்டியவை இரண்டே: கட்டுரையின் எந்தப் பகுதி காப்புரிமைக்கு உரியது என்று கருதுகிறீர்கள்? விண்ணப்பத்தை எந்தத் தேதிக்குள் பதிவு செய்வீர்கள்? இந்த இரண்டுக்கும் விடை வராவிட்டால் தாமதத்தின் காரணம் காப்புரிமை அன்று.

வேறு காரணம் என்னவாக இருக்கும் என்பதற்கும் வரலாறு உண்டு. கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் சான் பிரான்சிஸ்கோ வளாகத்தில் பெட்டி டாங் என்னும் மருந்தியலாளர், தைராய்டு குறைபாட்டுக்கான சின்த்ராய்டு என்ற மாத்திரையை வேறு மூன்று தயாரிப்புகளோடு ஒப்பிட 1987இல் ஒப்பந்தம் செய்துகொண்டார். ஆய்வு 1990இல் முடிந்தது. நான்கும் சமமானவையே என்று தெரிந்தது. சின்த்ராய்டை விற்றுவந்த பூட்ஸ் நிறுவனத்துக்கு இது உவப்பாக இல்லை. எழுத்துப்பூர்வ இசைவின்றி வெளியிடக் கூடாது என்ற ஒரு வரி ஒப்பந்தத்தில் இருந்தது. அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் இதழில் 1995 ஜனவரியில் வெளிவர அச்சுக்குத் தயாராகிவிட்ட கட்டுரையை, வழக்கு வரும், பல்கலைக்கழகம் துணை நிற்காது என்ற நிலையில் டாங் திரும்பப் பெற்றார். அது 1997 ஏப்ரலில்தான் வெளிவந்தது. ஒப்பந்தத்தின் ஒரு வரி இத்தனை ஆண்டுகளை விழுங்கியது. மூத்த ஆய்வாளருக்கே இப்படியென்றால், உதவித்தொகையை நம்பி இருக்கும் மாணவியால் எவ்வளவு தாங்க முடியும்?

அதனால் உங்கள் ஒப்பந்தத்தை இன்றே எடுத்துப் படியுங்கள். உங்களிடம் பிரதி இல்லையென்றால், பல பேருக்கு இருக்காது, பல்கலைக்கழகத்தின் தொழில்துறை உறவு அலுவலகத்தில் கேட்டு வாங்குங்கள். ஒழுங்காக எழுதப்பட்ட ஒப்பந்தத்தில், கட்டுரையைப் பார்த்துக் கருத்துச் சொல்ல நிறுவனத்துக்கு 30 முதல் 60 நாட்களும், காப்புரிமை விண்ணப்பத்துக்காகச் சில மாதங்களும் கொடுத்து, அதற்குள் பதில் வராவிட்டால் இசைவு தந்ததாகக் கொள்ளப்படும் என்றும் எழுதியிருப்பார்கள். அப்படி இருந்தால் உங்கள் வேலை எளிது. இல்லாவிட்டாலும், கட்டுரை எந்த நாளில் நிறுவனத்துக்கு அனுப்பப்பட்டது, என்ன பதில் வந்தது என்பதை அடுத்த ஆலோசனைக் குழுக் கூட்டத்தின் நடவடிக்கைக் குறிப்பில் பதியச் செய்யுங்கள். பொறுத்திருக்கச் சொல்லும் நெறியாளரும் எழுத்தில் பதிவான தாமதத்தைப் பார்த்த பிறகு பேசாமல் இருப்பது கடினம்.

ஆய்வேட்டையும் இப்போதே நினைத்துக்கொள்ளுங்கள். யுஜிசி விதிப்படி வாய்மொழித் தேர்வு பொதுவில் நடக்கும். ஆய்வேட்டின் மின்பிரதி, யாரும் பார்க்கக்கூடிய இன்ஃப்ளிப்நெட் இணையக் களஞ்சியத்துக்குப் போகும். சேர்மானத்தின் துல்லியமான அளவு, மூலப்பொருள் தருபவரின் பெயர், விலை ஆகியவை இல்லாமலேயே உங்கள் வாதம் நிற்குமானால் அவற்றை விட்டுவிடுங்கள். இன்னொன்று: காப்புரிமை நிறுவனத்தின் பெயரில் போனாலும், கண்டுபிடித்தவர் பட்டியலில் உங்கள் பெயர் இருக்க வேண்டியது உங்கள் உரிமை, அதற்கு யாரிடமும் கெஞ்ச வேண்டியதில்லை.

என் மகளுக்கு பிரான்ஸின் கிரனோபிள் நகரில் ‘சிஃப்ர்’ என்ற முறையில் முனைவர் பட்ட வாய்ப்பு வந்திருக்கிறது. நிறுவனம் சம்பளம் கொடுக்குமாம், பட்டம் பல்கலைக்கழகம் கொடுக்குமாம். இது வேலையா, படிப்பா? நம்பி அனுப்பலாமா?
– ஒரு தந்தை, திருச்சி

இரண்டும்தான். இந்த முறையைப் பிரான்ஸ் அரசு 1981இல் தொடங்கியது. ஆய்வு அமைச்சகத்தின் சார்பில் ஏஎன்ஆர்டி என்ற தேசிய ஆராய்ச்சி, தொழில்நுட்பச் சங்கம் நடத்துகிறது. நிறுவனம் உங்கள் மகளை மூன்று ஆண்டுகளுக்கு ஊழியராக நியமிக்கும். அதற்காக ஏஎன்ஆர்டி நிறுவனத்துக்கு ஆண்டுக்கு 14,000 யூரோ மானியம் கொடுக்கும். நிறுவனமும் பல்கலைக்கழக ஆய்வகமும் தங்களுக்குள் ஒத்துழைப்பு ஒப்பந்தம் செய்துகொள்ளும். ஊழியர் என்பதால் சமூகக் காப்பீடு, ஊதிய விடுப்பு எல்லாம் உண்டு. எந்த நாட்டவருக்கும் தடையில்லை. பல்கலைக்கழகக் கட்டணம் ஆண்டுக்கு ஏறத்தாழ 400 யூரோதான். ஐரோப்பியர் அல்லாதவர்களுக்கு 2019இல் உயர்த்தப்பட்ட கட்டணம் முனைவர் பட்டத்துக்குப் பொருந்தாது. யாராவது உங்களிடம் இதற்கென்று இலட்சக்கணக்கில் பணம் கேட்டால் அவர்களை நம்பாதீர்கள்.

கவலைப்பட வேண்டிய இடம் வேறு. நிறுவனத்தின் பொறுப்பாளரும் ஆய்வக நெறியாளரும் ஆளுக்கொரு திசையில் இழுத்தால் நடுவில் நிற்பவர் மாணவர். அந்த நாட்டில் ஒவ்வொரு முனைவர் மாணவருக்கும் நெறியாளரைச் சாராத ஒரு தனிக் கண்காணிப்புக் குழு உண்டு. ஆண்டுதோறும் அது மாணவரைத் தனியாகவும் சந்திக்கும். மூன்றாம் ஆண்டு வரை காத்திராமல் முதல் சந்திப்பிலேயே மனம்விட்டுப் பேசச் சொல்லுங்கள். ஏஎன்ஆர்டியின் ஒப்புதல் வந்ததற்கான கடிதத்தையும் பணி ஒப்பந்தத்தையும் பார்த்த பிறகு விமானச் சீட்டு எடுப்பது நல்லது.

கோவையில் நாற்பது பேர் வேலை செய்யும் பம்பு தொழிற்கூடம் நடத்துகிறேன். முனைவர் பட்ட மாணவரை வைத்து ஆய்வு செய்வதெல்லாம் பெரிய கம்பெனிகளுக்கு மட்டும்தானா?
– தொழில்முனைவோர், கோவை

இல்லை. ஆனால் உங்களுக்குத் தேவை முனைவர் பட்ட ஆய்வுதானா என்பதை முதலில் பாருங்கள். பம்பின் திறனை அளந்து சான்று பெற வேண்டுமானால் உங்கள் ஊரிலேயே சிட்டார்க் சோதனை மையம் இருக்கிறது. இம்பெல்லரின் (பம்புக்குள் சுழன்று தண்ணீரைத் தள்ளும் சக்கரத்தின்) வடிவத்தைக் கொஞ்சம் திருத்திப் பார்க்க வேண்டுமானால் எம்.இ. மாணவர் ஒருவரின் இறுதியாண்டுத் திட்டம் போதும். மூன்று ஆண்டுகள் கழித்தும் விடை தேவைப்படுகிற கேள்வி இருந்தால்தான் முனைவர் பட்டம். ஆயிரம் அடிக்குக் கீழே போய்விட்ட உங்கள் பகுதி ஆழ்துளைக் கிணறுகளில் மணலோடு வரும் தண்ணீர் சப்மெர்சிபிள் பம்பின் உட்பகுதிகளை எங்கே, எந்த வேகத்தில் தேய்க்கிறது, எந்த வடிவமைப்பு தன் திறனை நீண்ட நாள் காத்துக்கொள்ளும் என்பது அப்படிப்பட்ட கேள்வி. அது உங்கள் தொழிற்கூடத்துக்கு மட்டுமே உரியதும் அன்று. ஊரிலுள்ள மூன்று நான்கு உற்பத்தியாளர்கள் சேர்ந்து ஒரு மாணவரின் செலவை ஏற்கலாம். போட்டியாளர்கள் எப்படிச் சேர்வது என்று தயங்க வேண்டாம். தேய்மானம் எப்படி நடக்கிறது என்ற அறிவு எல்லோருக்கும் பொது. அதை வைத்து யார் நல்ல பம்பு செய்கிறார் என்பதில் போட்டி போட்டுக்கொள்ளலாம்.

சிறியவர்களுக்கு இது எட்டாது என்ற எண்ணம் வரலாற்றுக்கும் பொருந்தாது. பெர்லினில் வேதியியல் பேராசிரியர் பேயரின் ஆய்வகத்தில் கிரேபே, லீபர்மான் என்ற இரு வேதியியலாளர்கள் 1868இல் அலிசரின் என்னும் சிவப்புச் சாயத்தைச் செயற்கையாகச் செய்தபோது, பிஏஎஸ்எஃப் என்ற ஜெர்மன் சாய நிறுவனம் தொடங்கி மூன்றே ஆண்டுகள் ஆகியிருந்தன. அவர்கள் வழியில் விலை மிகுந்த புரோமின் தேவைப்பட்டது. நிறுவனத்தின் வேதியியலாளர் காரோ அவர்களோடு சேர்ந்து கந்தக அமிலத்தைக் கொண்டு செய்யும் மலிவான வழியைக் கண்டார். 1869இல் இலண்டனில் அவர்கள் காப்புரிமைக்கு விண்ணப்பித்த மறுநாள், அதே வழியைத் தனியாகக் கண்டிருந்த ஆங்கில வேதியியலாளர் பெர்கின் விண்ணப்பித்தார். ஒரு நாள் முந்தியது அந்தக் கூட்டணி.

உங்களுக்கு ஆகும் செலவில் பெரியது பணமன்று, உங்கள் நேரம். வாரத்தில் ஒரு மணி நேரமாவது நீங்களோ, பம்பைக் கழற்றிப் பார்த்தே கோளாறு சொல்லும் உங்கள் மூத்த ஃபிட்டரோ மாணவரோடு உட்கார வேண்டும். ஆள் வராத நாளில் மாணவரை லேத்தில் நிறுத்தக் கூடாது. அப்படி ஒருமுறை செய்தால் அது வழக்கமாகிவிடும், ஆய்வு நின்றுவிடும். தரமணியில் 2010இல் தொடங்கிய ஐஐடி மெட்ராஸ் ஆராய்ச்சிப் பூங்காவில் செயின்ட் கோபைன் போன்ற நிறுவனங்கள் தங்கள் ஆய்வு மையத்தையே கொண்டுவந்து வைத்திருப்பது, பேராசிரியரும் மாணவரும் தொழில்துறையினரும் எளிதில் சந்திக்க வேண்டும் என்பதற்காகத்தான். உங்களுக்கு அவ்வளவு பெரிய ஏற்பாடு வேண்டியதில்லை. அருகிலுள்ள கல்லூரியின் பேராசிரியர் ஒருவரை அழைத்து, கழித்துப் போட்ட இம்பெல்லர்களைக் காட்டிப் பேச்சைத் தொடங்குங்கள்.

என் ஆய்வுக்கு நிதி தந்த நிறுவனத்தை வேறொரு நிறுவனம் வாங்கிவிட்டது. அடுத்த மாதத்தோடு நிதியை நிறுத்துவதாகச் சொல்கிறார்கள். தரவுகளெல்லாம் அவர்களுடைய சர்வரில் இருக்கின்றன. என் பட்டம் என்னவாகும்?
– ஆய்வு மாணவர், மதுரை

உங்கள் பதிவு பல்கலைக்கழகத்தில் இருக்கிறது, நிறுவனத்தில் இல்லை. நிறுவனம் விலகினாலும் பதிவு நிற்கும். உதவித்தொகைக்குத் துறைத் தலைவரிடம் மாற்று வழி கேட்கலாம்; ஆய்வுத் தலைப்பைச் சற்றுக் குறுக்கிக்கொள்ள ஆலோசனைக் குழு இசையும். பணம் தாமதமானாலும் கிடைத்துவிடலாம். தரவு கைவிட்டுப் போனால் திரும்பாது.

ஆகவே இந்த வாரமே ஒரு பட்டியல் எழுதுங்கள்: எந்தச் சோதனை, எந்தத் தேதி, எந்தக் கருவி, எந்தக் கோப்பு, ஆய்வேட்டின் எந்த இயலுக்கு வேண்டியது. அந்தப் பட்டியலில் உள்ளவற்றை ஆய்வேட்டுக்கும் அதிலிருந்து வரும் கட்டுரைகளுக்கும் பயன்படுத்த அனுமதிக்கிறோம் என்று நிறுவனத்திடம் கடிதம் கேளுங்கள். அனுமதி வருமுன் கோப்புகளை நீங்களாகப் படியெடுத்துக்கொள்ள வேண்டாம்; அது பின்னால் உங்கள் மேலேயே குற்றச்சாட்டாகத் திரும்பும். நெறியாளரும் பதிவாளரும் கையெழுத்திட்டு அனுப்பினால் கோரிக்கைக்கு வலு கூடும். நிறுவனத்தில் உங்கள் ஆய்வை அறிந்த இணை நெறியாளர் இன்னும் பணியில் இருக்கிறாரா என்பதை முதலில் கேட்டுக்கொள்ளுங்கள். இருந்தால், அவருடைய கடைசிப் பணிநாளுக்கு முன்பே அந்தக் கடிதம் கைக்கு வந்துவிட வேண்டும்.